வெங்காரம் என்று எழுதினேன்

சாரல் சமயத்தில் எங்கள் மேலகரத்தில் அப்பளம் பொரித்த சட்டி ஆறுவதற்குள் நமத்துவிடும். நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் சொல்கிறேன் மேடம். ஆனி பிறந்துவிட்டால் மலையிலிருந்து இறங்குகிற காற்றில் பாதி தண்ணீர்தான். துவைத்த துணி மூன்று நாள் காயாது, தீப்பெட்டி உரசினால் பற்றாது, உப்பு ஜாடியில் கஞ்சி மாதிரி நிற்கும். நடந்தது உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் இந்த ஈரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு ஊராக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

நீங்கள் எழுதுகிற வேகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். ஆசிக்கைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். அங்கே வருவேன். ஒரு விஷயத்தை நடுவிலிருந்து தொடங்கினால் யாருக்கும் எதுவும் புரியாது. ஒன்பது வருஷம் பள்ளிக்கூட லேபில் நின்று நான் தெரிந்துகொண்டது அது ஒன்றுதான்.

என் பெயர் முத்துவடிவு. வயது நாற்பத்தொன்று. தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். என் வீட்டுக்காரர் உங்கள் துறைதான், சென்னையில் ஆயுதப்படையில் இருக்கிறார். அவரை இதில் இழுக்க வேண்டாம். ஸ்லைம் என்றால் என்னவென்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். பிள்ளைகள் கையில் வைத்துப் பிசைந்து, இழுத்து, சுவரில் எறிந்து விளையாடுகிற கொழகொழப்பான பண்டம் அது. வெள்ளைப் பசை இருக்கிறதல்லவா, அதற்குள்ளே போய்ப் பார்க்க முடிந்தால் இடியாப்பம் மாதிரி நீள நீளமான இழைகள் தெரியும். இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போவதால்தான் பசை ஒழுகுகிறது. அதில் வெங்காரம் என்கிற வெள்ளைப் பொடியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்றினால், அது ஒவ்வோர் இழையையும் பக்கத்து இழையோடு அங்கங்கே முடிச்சுப் போட்டுவிடும். உங்கள் கண்ணெதிரே பசை திரண்டு, உருண்டு, கிண்ணத்தை விட்டு எழுந்து வரும். அந்த முடிச்சுகள் இறுகிப்போனவை அல்ல. அவிழும், மறுபடியும் விழும். அதனால்தான் மெதுவாக இழுத்தால் நீள்கிறது, வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகிறது. ஒரே பொருள், உங்கள் கையின் அவசரத்தைப் பார்த்து நடந்துகொள்கிறது. முதல்முறை இதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கண்காட்சிக்காக அதைச் செய்தேன். பிள்ளைகள் என் மேசையை விட்டு நகரவில்லை. எதை எவ்வளவு சேர்த்தால் என்ன ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். வேதியியல் ஆசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “குறிப்பெல்லாம் நாங்க எழுதிக்கிடுவோம் முத்துவடிவு. நீ பாட்டிலக் கழுவி வையி” என்றார். எல்லோர் முன்னாலும்தான். அந்த மார்ச்சோடு வேலையை விட்டுவிட்டேன்.

அப்போது எனக்குக் கிடைத்தவள் நஸீபா. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். சொந்த ஊர் வடகரை. புருஷன் அல்தாப் சவூதியில், தம்மாமில் இருக்கிறான். மூத்தவள் சஃப்ரினை ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதற்காக மேலகரத்துக்குக் குடிவந்தாள். சஃப்ரினுக்கு ஏழு வயது. இளையவன் முகம்மது ஆசிக், ஒன்றே கால் வயது. அவன் நடை பழகியதே எங்கள் இரண்டு வாசலுக்கும் இடையில்தான். என்னை “அத்தா, அத்தா” என்பான். அவனுக்கு அத்தை என்று வராது. அவர்கள் வீட்டில் அத்தா என்றால் அப்பா. தம்மாமிலிருந்து அல்தாப் வீடியோவில் கேட்டுவிட்டு, “ஏட்டி, என் பிள்ளைக்கி எத்தன அத்தாட்டி?” என்று சிரிப்பான்.

முதலில் ஸ்லைமைக் காட்டியபோது நஸீபா முகத்தைச் சுளித்தாள்.

“சீ! மூக்குச்சளி மாதிரில்லா இருக்கு. இத யாருக்கா துட்டு குடுத்து வாங்குவா?”

“உம்மா, ஒனக்கு ஒண்ணுந் தெரியாது. எங்க கிளாசுல எல்லார்ட்டயும் இருக்கு. எனக்குத்தான் இல்ல” என்றாள் சஃப்ரின்.

“அப்ப ஒங்க கிளாசுல எல்லாருக்கும் சளி” என்றாள் நஸீபா. ஆனால் அன்று சாயங்காலம் அவளும் அரை மணி நேரம் அதைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பழம் மாதிரி செய்யலாம் என்பது அவள் யோசனை. “குத்தாலத்துக்கு வாரவன் அருவியப் பாப்பான், பழத்தப் பாப்பான். பழமாட்டம் இருந்தா நின்னு பாப்பாங்கா.” அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. மங்குஸ்தான் மாதிரி வெளியே கத்தரிப்பூ நிறம், உள்ளே வெள்ளை. சின்ன உருண்டை டப்பாவில் அடைத்தோம். வாசனைக்கு ஐஸ்கிரீமில் ஊற்றுகிற எசன்ஸ் சேர்த்தேன். மூடியைத் திறந்தால் நாக்கில் தண்ணீர் ஊறும். பேரருவிக்குப் போகிற வழியில் பொம்மைக்கடை வைத்திருக்கிற நெல்லையப்பன் அண்ணாச்சியிடம் கொடுத்தோம். அவர் மோந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. அடுத்து துரியன் போட்டுராத தாயீ, அந்த நாத்தத்துல கூட்டம் பூரா ஐந்தருவிக்கு ஓடிரும்” என்றார்.

ஏப்ரல், மே நன்றாகப் போயிற்று. நான் அந்தக் கடை வாசலில் நின்று பிள்ளைகளுக்கு இழுத்துக் காட்டுவேன், ஏன் அப்படி ஆகிறது என்று சொல்வேன். சயின்ஸ் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருமுறை வந்து போன பிள்ளைகள் சில பேர் மறுபடியும் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். லேபில் ஒன்பது வருஷத்தில் எனக்குக் கிடைக்காதது அது.

ஜூன் இரண்டாம் வாரம் சாரல் இறங்கியது. அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார்.

“ஏம்மா, இது கையில ஈஷிக்கிடுதே. பிள்ளையெல்லாம் அழுவுது, அப்பன்மாரு என்னய ஏசுதான். ஒருத்தன் சட்டையக் கழத்திக் காட்டுதான். இப்பிடின்னா எடுத்துட்டுப் போயிரு.”

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. காற்றில் இருக்கிற ஈரத்தை ஸ்லைம் குடித்துவிடுகிறது. இழைகள் ஊறி, முடிச்சுகள் நெகிழ்ந்து, பழையபடி பசையாக மாறப் பார்க்கிறது. முடிச்சுகளைக் கூட்டினால் சரியாகிவிடும். அதாவது வெங்காரத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. சாரல் காற்றில் ஸ்லைம் எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நான் ஒரு புது நோட்டு வாங்கினேன். இப்போது உங்கள் மேசைமேல் இருப்பது அதுதான்.

தினம் ஒரு கரண்டி கூட்டிச் செய்தேன். ஒவ்வொன்றையும் பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் கை காய்த்துப் போயிருக்கும், சூடும் குறைவு, பிசைகிற விதமே வேறு. சஃப்ரின் பள்ளிவிட்டு வந்ததும் என் வீட்டுக்கு ஓடிவருவாள். அவளுக்கு ஆபீசர் என்று பெயர் வைத்தேன். அட்டையில் எழுதி ரிப்பனில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டேன். “ஆபீசர் வந்தாச்சு, சரக்க எடுங்க” என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாள். முக்கால் மணி நேரம் பிசைவாள். எவ்வளவு நீளம் வருகிறது என்று ஸ்கேலில் அளந்து சொல்வாள். நான் எழுதிக்கொள்வேன். இந்த மாதிரி ஒரு மாணவி எனக்குக் கிடைத்ததில்லை.

நாலாவது நாள் உள்ளங்கை சிவந்திருந்தது. அதையும் எழுதினேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்தாவது நாள் விரல்நுனியில் தோல் உரியத் தொடங்கியது. நஸீபா அவளைக் கூட்டிக்கொண்டு வந்து கையை விரித்துக் காட்டினாள்.

“அக்கா, இங்கன பாருங்களேன், சோளப்பொரி மாதிரி உரியுது. சாப்பிடயில எரியுதுங்கா. இதனாலயா இருக்குமோ?”

“அருவித் தண்ணில ஆட்டம் போட்டா எல்லாப் பிள்ளைக்கும் உரியும்” என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பழைய குற்றாலம் போய் வந்திருந்தார்கள். அதனால் நான் சொன்னது நடக்காத விஷயம் அல்ல. தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன். எண்ணெய்க் கை பட்டால் ஸ்லைம் கெட்டுவிடும், அதனால் பிசைந்து முடித்தபிறகு தடவச் சொன்னேன்.

உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது. என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் அதைப் பிசையவில்லை. ஒருநாள் தெரியாமல் டப்பாவைத் திறந்துவிட்டாள். சோப்புப் போட்டு மூன்று தடவை கையைக் கழுவவைத்தேன், முதுகில் ஓர் அடியும் வைத்தேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தோல் ரொம்ப மென்மை.

இப்போது லேபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் மோசடி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என்ன சேர்த்திருக்கிறது என்று லேபிளில் போட வேண்டும் என்று சொன்னதே நான்தான். நஸீபா வேண்டாம் என்றாள். கரைசலை எப்போதும் நான் தனியாகத்தான் காய்ச்சுவேன், அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, லேபிளையும் அவள் வாசித்துப் பார்த்ததில்லை. ஜூன் மாதம் அதை எழுதுவதற்கு முன்னால் போனில் தேடிப் பார்த்தேன். போராக்ஸ் என்று போட்டால் வரிசையாகப் பயமுறுத்துகிறார்கள்: கை வெந்துபோன பிள்ளைகள், வாந்தி, சிறுநீரகம், வெளிநாட்டில் திரும்பப் பெற்ற பொம்மைகள். எல்லாம் வாசித்தேன். பிறகு வெங்காரம் என்று போட்டேன். வாய்ப்புண், தொண்டைக்கட்டு, தேன், நாட்டு மருந்து என்று வந்தது. இரண்டும் ஒரே பொருள்தான் மேடம். ஒன்று இங்கிலீஷ், ஒன்று தமிழ். தமிழ்நாட்டில் விற்கிற சாமானுக்குத் தமிழில் எழுதினேன். ‘பசை, நிறம், வாசனை, வெங்காரம்.’ அதில் ஓர் எழுத்து பொய் கிடையாது.

நான் வாங்கியது நாட்டு மருந்துக் கடைச் சரக்கு அல்ல, தொழிலுக்கு மூட்டையில் விற்பது. ஆனால் பெயர் அதேதான்.

ஜூலை நடுவில் அளவு சரியாக வந்துவிட்டது. தொடங்கிய அளவுக்கு ஆறு மடங்கு. இதில் ஒரு நுட்பம் உண்டு. வெங்காரம் கொதிக்கிற தண்ணீரில் ஏராளமாகக் கரையும், ஆறினால் மிச்சமெல்லாம் கல்லாகப் பிரிந்துவிடும். நான் ஆறுவதற்குள் பசையில் ஊற்றிவிடுவேன். அதற்குப்பிறகு அது எங்கே போகும்? ஸ்லைமுக்குள்ளேயே சர்க்கரை மாதிரி நறநறவென்று உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகளுக்கு அந்த நறநறப்பு ரொம்பப் பிடித்தது. சாரல் விழாக் கூட்டத்தில் அண்ணாச்சி கடையில் டப்பா தங்கவில்லை. அடைமழையிலும் கையில் ஒட்டாத ஸ்லைம். அதை நான் மட்டும்தான் கண்டுபிடித்திருந்தேன்.

ஆசிக்குக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிற நேரம். எது கிடைத்தாலும் வாயில் வைப்பான். ஒருநாள் காலை நஸீபா அவனைத் தூக்கிக்கொண்டு பதறி ஓடிவந்தாள். அவன் உதடெல்லாம் கத்தரிப்பூ நிறம். சிரித்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, சின்னவன் ஒரு துண்ட வாயில போட்டுட்டான். பாதிய எடுத்துட்டேன், பாதிய முழுங்கிட்டான். ஒண்ணும் செய்யாதுல்லா?”

நான் அவனை வாங்கி மடியில் வைத்து வாயைத் துடைத்தேன். “அதுல என்ன இருக்குன்னு லேபிள்லயே போட்டிருக்குல்லா” என்றேன்.

அவள் என் மேசையிலிருந்த டப்பாவை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

“வெங்காரமா! அல்லாவே, நான் என்னவோன்னு பயந்துட்டேன். எங்க மாமி வடகரையில பிள்ளையளுக்கு வாய்ப்புண்ணு வந்தா அதத்தான பொரிச்சுத் தேன்ல தொட்டு வைப்பாவ. அப்ப பல்லுக்கும் நல்லதுதான் போல. ஏலே, மருந்தயா தின்னே? கள்ளப்பயலே.”

அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். தேனில் தொட்டு வைக்கிற அணுவளவுக்கும் ஆறு மடங்கு கலந்த ஒரு கட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஒருவரின் நிம்மதியைக் கெடுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும்.

அதற்குப்பிறகு அவன் அழும்போதெல்லாம் ஒரு சின்னத் துண்டு கிள்ளிக் கையில் கொடுப்பாள். “மெத்துன்னு இருக்குதா, கடிச்சிக்கிட்டுச் சும்மா கெடக்கான்” என்பாள். எங்கள் வாசலில் உட்கார்ந்து கடித்துக்கொண்டிருப்பான். நான் பார்த்திருக்கிறேன். நோட்டில் பின்பக்கத்திலிருந்து திருப்பி அவனுக்குத் தனியாகப் பக்கம் தொடங்கினேன். ‘ஆ. வாய் வழி. முதல் நாள். மாற்றம் இல்லை.’ அது என் கையெழுத்துதான்.

ஏன் என்று கேட்கிறீர்கள். பிடுங்கி எறிந்திருக்கலாம்தான். ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால் அவள் அடுத்து சஃப்ரின் கையைப் பார்ப்பாள். அதற்கடுத்து அண்ணாச்சிக்குப் போன் போடுவாள். நாற்பது நாள் வேலை அத்தோடு முடிந்துபோகும். இன்னொன்றும் உண்டு. போனில் படித்ததில் எல்லாம், இவ்வளவுக்கு மேல் போனால் ஆபத்து என்று ஆளுக்கு ஒரு கணக்கு எழுதியிருந்தார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நேரே பார்த்து எழுதியவர் யாருமில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பிள்ளைமேல் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினமும் இரண்டு வேளை அவனைத் தூக்கிப் பார்ப்பேன். பெற்றவள்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டாள்.

ஒன்பதாம் நாள் வாந்தி. பதினோராம் நாள் வயிற்றோட்டம், பச்சை நிறம். நஸீபா, “பல்லு மொளைக்கயில வயித்தால போவுந்தான” என்றாள். நான் ஆமாம் என்றேன். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான் அது. பதினான்காம் நாள் உடம்பு முழுக்கச் சிவந்து, உள்ளங்காலில் தோல் கழன்றது, வெந்நீர் கொட்டின மாதிரி. ஸ்லைமைக் கடிப்பதை அவனே விட்டுவிட்டான். எதையும் கடிக்கிற தெம்பு இல்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை அவனுக்கு வலிப்பு வந்தது. தென்காசியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் துணிமணியை மடித்துப் பையில் வைத்தது நான். சஃப்ரினை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். சோறு ஊட்டிவிட்டேன், அவளால் பிசைந்து சாப்பிட முடியவில்லை. நஸீபா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இருக்கதுனாலதான்க்கா எனக்குத் தைரியம்” என்றுவிட்டுப் போனாள். அதைச் சொன்ன அதே வாயால்தான் உங்கள் முன்னால் வந்து என்னைக் கொலைகாரி என்று சொல்லியிருக்கிறாள்.

புதன்கிழமை காலை அவள் பஸ்ஸில் மேலகரம் வந்திருக்கிறாள். நான் அண்ணாச்சி கடைக்குச் சரக்கு கொடுக்கப் போயிருந்தேன். என் மகள் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். நோட்டு மேசைமேல் இருந்தது. என் வீட்டு மேசை. புரட்டிப் பார்த்திருக்கிறாள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், பின்பக்கத்தை முழுக்க நின்று வாசித்தாளாம். என் மகள் சொன்னாள், “அத்தை அழல, சத்தம் போடல, நோட்ட எடுத்து முந்தானைக்குள்ள வச்சிக்கிட்டு, சஃப்ரின் கையப் பிடிச்சிக்கிட்டுப் போயிட்டாவ” என்று. நஸீபாவுக்கு நான் என் பிள்ளையைவிட அதிகமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எடை பார்க்க, நிறம் கலக்க, அடைக்க, எல்லாம். ஒரே சுவர் வைத்து வாழ்ந்தோம். நோன்புக் கஞ்சி முதல் தூக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அவள் என் பொருளைத் திருடிக்கொண்டு போவாள் என்று நான் நினைத்ததே இல்லை. நிறையப் பேர் எனக்குத் தீங்கு செய்திருக்கிறார்கள் மேடம், அந்த வேதியியல் ஆசிரியர் உள்பட. இந்த அளவுக்கு யாரும் செய்ததில்லை.

அந்த நோட்டில் அளவுகளுக்கு நேரே போராக்ஸ் என்று இங்கிலீஷில்தான் எழுதியிருந்தேன். அதை டாக்டர் வாசித்த அரை மணி நேரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினில் அவனைப் போட்டுவிட்டார்களாம். அது சரியான முடிவு. ஏனென்றால் வெங்காரம் உடம்புக்குள் போனால் மிகச் சின்னத் துகளாகப் பிரிந்து ரத்தத் தண்ணீரில் கரைந்துதான் நிற்கும். சிறுநீரகம் நின்றுவிட்டால் தானாக வெளியே வராது. ஆனால் அந்த மெஷினில் ஒரு சவ்வு இருக்கிறது, மாவு சலிக்கிற சல்லடை மாதிரி. பெரிய துகள்களை நிறுத்திக்கொண்டு சின்னதை வெளியே விட்டுவிடும். இது சுலபமாகச் சலிந்து போய்விடுகிற ரகம். எத்தனையோ விஷங்களை மெஷினால் எடுக்க முடியாது. இதை எடுக்க முடியும். சீக்கிரம் போட்டால் பிழைக்க வழி உண்டு. இதையும் நான் போனில் படித்திருந்தேன், ஜூன் மாதமே.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆசிக் போய்விட்டான். ஒரு நாள் பிந்திவிட்டது என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

கடைசியாக நீங்கள் கேட்டது. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு நஸீபாவிடமிருந்து எனக்குப் போன் வந்ததா? வந்தது. இரண்டு நிமிஷம் பேசினோம். அவள் ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு பேசினாள், பின்னால் ஏதோ மெஷின் சத்தம்.

“அக்கா, டாக்டர் பக்கத்துலதான் நிக்காவ. பிள்ள எதயும் கடிச்சானா, தின்னானான்னு கேக்காவ. நான் ஸ்லைமுன்னு சொன்னேன். அதுல என்ன போட்டிருக்குன்னு கேக்காவ. எனக்கு வெங்காரம்னுதான தெரியும். அதச் சொன்னா, சின்ன வயசு டாக்டரு, வெங்காயமாங்காரு. நர்சும் வெங்காயமாங்கா. நான் கத்துதேன், இல்ல வெங்காரம், வெங்காரம்னு. அவியளுக்கு வெளங்க மாட்டேங்குது. இங்கிலீசுல அதுக்கு என்னக்கா பேரு? ஒங்களுக்குத்தான் தெரியுமே. போன அவியட்ட குடுக்கட்டா?”

நான் அப்போது மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நோட்டு திறந்திருந்தது. அவனுடைய பக்கத்தில் பதினைந்தாம் நாள் வரை எழுதியிருந்தேன், பதினாறாம் நாள் காலியாக இருந்தது. பெயர் தெரியாமல் இல்லை. வாய்வரை வந்தது. மூன்றெழுத்தோ நாலெழுத்தோ. அதைச் சொன்னால் டாக்டர் அடுத்த கேள்வி கேட்பார், எவ்வளவு என்று. எவ்வளவு என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். நான் கழுவாத பாட்டில் மாதிரி அவர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

“நஸீபா, மழையில லைன் சரியாக் கேக்கல. அப்புறம் பேசுதேன்” என்றேன். உண்மையில் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. பிறகு போனை அணைத்து வைத்தேன். பதினாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அடைக்க வேண்டிய டப்பாக்கள் முப்பது இருந்தன, அடைத்து முடித்தேன்.

இவ்வளவுதான். எல்லாவற்றையும் நானாகவே சொல்லியிருக்கிறேன், எதையும் மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நீங்கள் அவளைப் பார்த்தால் எனக்காக ஒன்றே ஒன்று கேளுங்கள் மேடம். சொல்லாமல் கொள்ளாமல் என் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனாளே, அதற்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனா?